முழிசிக் காரின் றோட்டர்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கார் ஓடுவதைவிடக் காரைச் சுற்றி நிற்பதில்தான் விருப்பம். ஞாயிறு காலையில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஊரில் செய்த பழைய கார்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றின் பொனற்றும் திறந்திருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு தலை குனிந்திருக்கும். ஒருவன் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்ப்பான். மற்றவன் அதை வாங்கி மணந்து பார்ப்பான். பிறகு மீன் ரோல்ஸ் கடித்து, தேத்தண்ணி குடித்து, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சில கார்கள் லொறியில் வந்து லொறியிலேயே திரும்பும். சண்டையில் பாதை மூடி, பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் நான் ஒஸ்ரின் கேம்பிறிஜ் காரை மண்ணெண்ணெயில் ஓட்டி ஹயர் பிடித்தவன். அப்போது புகைக்கு மூக்கைப் பொத்திய சனம்தான் இப்போது மணந்து பார்க்கிறது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் குகதாசன். லண்டனில் கனகாலம் இருந்துவிட்டு வந்து கிளிநொச்சியில் வீடு கட்டியிருக்கிறான். கூரையில்லாத சிவப்பு எம்.ஜி. கார் ஒன்று வைத்திருக்கிறான். நம் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அதை ஓட்டுவான்.

"அண்ணை, இது வெறும் கார் இல்லை. இது ஒரு சந்தோசம்," என்றான் ஒருநாள்.

"உன்ரை சந்தோசத்துக்குப் பின்சீற்றே இல்லையேடாப்பா. ஒரு மூட்டை நெல்லை எங்கை வைப்பாய்?"

அதைக் கேட்டு மேனுகாதான் பெரிதாகச் சிரித்தாள். அவள் வவுனியாவில் பற்றறிக் கடை வைத்திருக்கிற பெண். நீல நிற ட்ரையம்ப் கார் ஒன்றில் தனியாக வருவாள். அவளுடைய தாத்தா மலைநாட்டில் தோட்டத்துத் துரையின் கார்ச் சாரதி.

"தொரை குடிச்சிட்டுப் பக்கத்து சீட்டுல படுத்திருவாராம் ஐயா. ஓட்டினது பூரா எங்க தாத்தாதான். அப்ப கார் யாரோடது? எங்களோடது."

வாய்க்காரி. ஆனால் கை சுத்தமானவள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். இப்போது எவரைப் பற்றியும் எதுவும் சொல்ல நான் தயாரில்லை.

இவர்களோடு எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தில்லையம்பலத்தின் கார்தான் காரணம்.

தில்லையம்பலம் கண்டாவளைக்காரன். உழவு இயந்திரத்துக்குச் சாமான் விற்றவன், என் கூட்டாளி. இளந்தாரியாக இருந்தபோது நுவரெலியாப் பக்கத்தில் ஒரு துரை விட்டுப்போன ஸ்பிறைற் காரை வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டே இருக்கை. வெளியில் கைபிடி இல்லாத கதவு. முன்விளக்கு இரண்டும் பொனற்றுக்கு மேலே கண்முழி போலத் துருத்திக்கொண்டு நிற்கும். ஊர்ச்சனம் முழிசிக் கார் என்று பெயர் வைத்தது. சிறுபிள்ளைகள் அதன் முகத்தைப் பார்த்து அழுவார்கள். அவனுக்கு அது உயிர். ஹோர்ன் பழுதான பிறகு திருத்தவே இல்லை. வீட்டுப் படலைக்கு வந்ததும் எஞ்சினை இரண்டு தரம் சின்னதாக உறுமவைத்து, மூன்றாம் தரம் இழுத்து உறுமவைப்பான். மனைவி கமலேஸ்வரி குசினியிலிருந்து "வாறன், வாறன்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து படலையைத் திறப்பாள்.

மண்ணெண்ணெய்க் காலத்தில் அந்தக் காருக்கு அவள்தான் உதவியாள். எஞ்சின் குளிராக இருந்தால் மண்ணெண்ணெயில் பற்றாது. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபிரேற்றர் வாயில் விட்டுத்தான் தொடக்கவேண்டும். இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்பாள். ஊற்றிவிட்டு ஓடிவந்து பக்கத்தில் ஏறிக் குந்துவாள்.

சண்டை நெருங்கி எல்லாரும் கிழக்கே போனபோது தில்லையம்பலம் காரைப் புதைத்தான். ஜெனறேற்றரைப் புதைத்தவர்கள் உண்டு, மோட்டார்சைக்கிளைப் புதைத்தவர்கள் உண்டு. இவன் வளவுக்குள் பெரிய கிடங்கு வெட்டி, காருக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை கிறீஸ் பூசி, புகைக்குழாயில் சீலை அடைத்து, தறப்பாளால் சுற்றி இறக்கினான். நெல் அறுவடைக்கு முதல் திரும்பிவிடுவோம் என்றான். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

மண்ணைத் தள்ளுவதற்கு முதல் அவன் ஒரு காரியம் செய்தான். டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து றோட்டரைக் கழற்றினான். பெருவிரலளவு துண்டு அது. பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிட்டுக் கொடுக்கிறது அதுதான். அது இல்லாவிட்டால் எந்தக் கொம்பனாலும் காரை எடுக்க முடியாது. பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "கிண்டினாலும் ஓட்டேலாது," என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சனமெல்லாம் கடைசியாக ஒதுங்கிய மாத்தளனில் ஒரு காலை கஞ்சி வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. போகும்போதும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனான் என்று கமலேஸ்வரி சொல்வாள். போன இடம் ஒருவருக்கும் தெரியாது. அவனைக் கண்டதாகவும் ஒருவரும் இல்லை. அவள் இன்றுவரை பெரிய குங்குமப் பொட்டோடும் தாலியோடும்தான் இருக்கிறாள். கனடாவிலிருக்கும் மகள் பிரேமிளா, "அம்மா, அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கோ," என்று போனில் அழுவாள். இவள் போனை வைத்துவிடுவாள்.

காணி ஆமியிடம் கனகாலம் இருந்தது. விட்ட பிறகும் அவள் காரைப் பற்றி வாய் திறக்கவில்லை. போன வருசம்தான் என்ன நினைத்தாளோ, குகதாசனிடம் சொன்னாள். அவனுக்குப் புதையல் கிடைத்தது போல. அடுத்த ஞாயிறே கூட்டம் முழுவதும் மண்வெட்டியோடு கண்டாவளையில் நின்றது.

நானும் போனேன். ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று சொல்லத்தான் போனேன்.

முதலில் வந்தவை கண்கள். தறப்பாள் அந்த இடத்தில் மட்டும் உக்கிக் கிழிந்திருந்தது. செம்மண்ணுக்குள் இரண்டு விளக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. கண்ணாடியில் ஒரு வெடிப்பில்லை. கிண்டிக்கொண்டிருந்தவர்கள் ஏனோ மண்வெட்டியை நிலத்தில் வைத்தார்கள். பிறகு கையால்தான் மண்ணை எடுத்தார்கள்.

கார் முழுசாக வந்தது. தகரம் அங்கங்கே அரித்திருந்தது, ரயர் நான்கும் கூழாகியிருந்தது, மற்றப்படி அவன் வைத்தது வைத்தபடியே. புகைக்குழாயில் அடைத்த சீலையை மேனுகா இழுத்தபோது அது புதுச்சீலை போல வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மண்ணுக்குள் போனது மண்ணாக வேண்டும்.

எல்லாரும் காரைச் சுற்றி நிற்கையில் கமலேஸ்வரி என்னைப் பூவரசு வேலிப் பக்கம் கூப்பிட்டாள்.

"யோகண்ணை, ஒருதருக்கும் சொல்லாதேங்கோ. நான் மனசுக்குள்ள ஒண்டு வச்சிருக்கிறன்."

"என்ன?"

"இந்தக் கார் திரும்ப ஓடினால் அவர் எங்கையோ இருக்கிறார். ஓடாட்டிக் கீரிமலைக் கடலுக்குப் போய் அவருக்குச் செய்யவேண்டியது எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுப் பொட்டை அழிக்கிறன்."

"விசர்க் கதை கதைக்காதை தங்கச்சி. அது இரும்பு. இரும்புக்கும் மனுசன்ரை உயிருக்கும் என்ன சம்பந்தம்?"

"வேறை ஒருத்தரும் எனக்கு மறுமொழி சொல்லேல்லையே அண்ணை. ஆரிட்டைக் கேக்கேல்லை நான்?"

அவள் திரும்பிக் காரைப் பார்த்தாள்.

"எடுக்கேக்க நீங்கள்தான் எடுக்கோணும். அவர் எடுக்கிற மாதிரி எடுக்க உங்களுக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில இருக்கோணும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். இழவு, வேறு என்ன சொல்வது?

அன்றுமுதல் அந்தக் கூட்டத்துக்கு அந்தக் கார்தான் விளையாட்டுப் பொருள். ஒவ்வொரு ஞாயிறும் குகதாசனின் வளவில் கூடுவார்கள். ஒருவர் ரயர் கொண்டுவருவார், ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து இருக்கைத் தோல் கொண்டுவருவார். பெற்றோல் தாங்கி அரித்துப்போயிருந்தது, அதற்குப் புதுத் தாங்கி போட்டார்கள். எஞ்சின் மொறிஸ் மைனரின் அதே எஞ்சின்தான், அதனால் சாமானுக்குத் தட்டுப்பாடில்லை. மேனுகா டிஸ்ரிபியூட்டரைத் திறந்தபோது கமலேஸ்வரி சொன்னபடியே றோட்டர் இடம் வெறுமையாக இருந்தது. குகதாசன் லண்டனிலிருந்து ஒன்று எடுப்பித்தான். நல்ல சிவப்பு நிறத்தில், இனிப்புப் போல இருந்தது. மேனுகா என் கண்முன்னால்தான் அதைப் பொருத்தினாள்.

அவர்களுக்கு ஒரே சிரிப்பும் கதையும். ஒரு பெண்ணின் பொட்டு அந்த எஞ்சினில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடினால் சாகும்வரை படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓடாவிட்டால் ஒரு பிளக் பற்றாததற்காக விதவையாவாள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஓடாமல் விட்டால் நல்லது என்றுதான் நினைத்தேன். செத்தவனுக்குச் செய்யவேண்டியது என்று ஒன்று இருக்கிறது.

சித்திரை பிறந்து வந்த ஞாயிறு, காரைக் குளக்கட்டுக்கு இழுத்துவந்தார்கள். நல்ல காலை வெளிச்சம். குளத்தில் தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கமலேஸ்வரி பட்டுச்சீலை உடுத்து, பொட்டை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கைப்பைக்குள் அந்த இருமல் மருந்துப் போத்தல்.

நான் ஏறிக் குந்தித் திறப்பைத் திருப்பித் தொடக்குகிற குமிழை இழுத்தேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. திரும்ப இழுத்தேன். இல்லை. திரும்பவும் இழுத்தேன். கமலேஸ்வரியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஐயா, ஸ்பார்க் வருதான்னு பாப்பமா?" என்றாள் மேனுகா.

அந்தக் காருக்குப் பொனற் என்று தனியாக ஒன்றில்லை. முகம், மட்காட், விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக, முதலை வாய் திறப்பது போலத் தூக்கவேண்டும். குகதாசனும் மேனுகாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். நான் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு றோட்டர். விரலால் தொட்டு ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன்.

"நான் ஊத்தட்டோ அண்ணை?" என்று கமலேஸ்வரி போத்தலைத் திறந்தாள். பழைய கை, ஒரு துளி சிந்தவில்லை. முகத்தை மூடிக் கொளுக்கியைப் பூட்டினார்கள். அவள் சுற்றிவந்து என் பக்கத்தில் ஏறினாள்.

குமிழை இழுத்தேன். ஒரே இழுவையில் எஞ்சின் பிடித்தது.

கூட்டம் கைதட்டியது. குகதாசன் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். கமலேஸ்வரி மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து நீர் ஓடியது. அப்போதுதான் மணம் வந்தது. மண்ணெண்ணெய் மணம். புதுத் தாங்கி. மேனுகா காலையில் என் முன்னால் ஊற்றியது பெற்றோல்.

இவ்வளவு காணும் என்று திறப்பை மறுபக்கம் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அப்போதும் ஓடியது.

"ஐயோ, பேய்க் கார்!" என்று யாரோ சிரித்தார்கள். எல்லாரும் போனைத் தூக்கினார்கள்.

"பேயுமில்லை பிசாசுமில்லை," என்று கத்தினேன். "உள்ளுக்கை கரி பிடிச்சிருந்தால் சூட்டிலை தானாப் பத்தும். மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சினுக்கு இது வழக்கம். இப்ப நிக்கும்."

நிற்கவில்லை. என் கால் அக்சிலேற்றருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது. செருப்பு விளிம்பில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தேன். மிதி தானாகக் கீழே போய் வந்தது. ஒரு உறுமல். திரும்பப் போய் வந்தது. இன்னொரு உறுமல். மூன்றாம் தரம் போய், அங்கேயே நின்றது. எஞ்சின் இழுத்து உறுமியது.

நான் சிரிக்கவில்லை. கமலேஸ்வரி நிமிர்ந்தாள்.

"வாறன், வாறன்," என்றாள். குசினியிலிருந்து கத்துகிற அதே குரல். "படலை திறந்துதான் கிடக்கு. உள்ளுக்கு வாங்கோ."

எஞ்சின் நின்றது. மிதி மேலே வந்தது. குளத்துத் தண்ணீர் அணையில் மோதுகிற சத்தம்தான் கேட்டது.

மிதியின் வில்லுக் கம்பி தளர்ந்திருக்கும். பழைய கம்பி அப்படிச் செய்யும். நான் அதைப் பிறகு பார்க்கலாம் என்று இறங்கினேன்.

"அண்ணை, நான் ஒரு சுற்றுப் போட்டு வாறன்," என்று குகதாசன் குந்தினான். குமிழை இழுத்தான். பற்றவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தான், பற்றறி இளைக்கும்வரை. முகத்தைத் தூக்கினார்கள். நான் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்.

உள்ளே இருந்தது கறுப்பு றோட்டர்.

மேனுகா என் தோளுக்கு மேலால் பார்த்தாள். "ஐயா, நான் போட்டது செவப்பு."

"எனக்குத் தெரியும்."

கழற்றிக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. நுனிப் பித்தளை தேய்ந்த இடத்தில் வேறு பித்தளைத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அது பழைய சதுர ஐந்து சதக் காசில் வெட்டிய மூலை. சாமான் கிடைக்காத காலத்தில் தில்லையம்பலம் தன் கடையில் அதை ஈயம் பற்றவைத்து ஒட்டியபோது, குறட்டால் காசைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பற்றவைத்த இடத்து ஈயக் கட்டிகூட அப்படியே இருந்தது.

கமலேஸ்வரி இறங்கிவந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. இது உன்னட்டையே இருந்தது?"

"என்னட்டை இருந்திருந்தா, நான் இவ்வளவு காலம் ஏன் அண்ணை காத்துக்கொண்டு இருந்தனான்?"

"அப்ப கார் ஓடினதுதானே. நீ நினைச்சபடி..."

"ஓம், ஓடினது." அவள் றோட்டரைச் சீலைத் தலைப்பில் முடிந்தாள். "இது அவரின்ரை சட்டைப் பையுக்குள்ள இருந்த சாமான். ஆளை விட்டுட்டு இது தனிய வருமே? அவர் இதை ஒருதருக்கும் குடுக்கமாட்டார். உயிரோட இருக்கிற மனுசன் எண்டால் வீட்டை வந்தெல்லோ காரிலை போட்டிருப்பார்."

பின் மட்காட்டில் எண்ணெய் துடைக்கிற பழந்துணி ஒன்று கிடந்தது. அவள் அதை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். ஒரே துடைப்பு. குங்குமம் போய், அந்த இடத்தில் எண்ணெய்க் கறை வந்தது.

குகதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, என்ன செய்யிறியள்? நல்ல நாளும் அதுவுமா... கார் ஓடினது எல்லோ?"

"ஓடினது தம்பி. வந்து சேர்ந்திட்டார்." குரலில் அழுகை இல்லை, களைப்பு மட்டும்தான். "மேனுகா, உன்ரை போனிலை பிரேமிளாவை ஒருக்கா எடுத்துத் தா, பிள்ளை. கீரிமலைக்கு நாள் பாக்கச் சொல்லோணும்."

நான் விட்டேனா? எல்லாரையும் நிற்கச் சொன்னேன். "சிவப்புத் துண்டை வச்சிருக்கிறவன் மரியாதையா வெளியிலை எடு," என்றேன். ஒருவரும் அசையவில்லை. "பையுகளைத் திருப்புங்கோ," என்றேன். யாழ்ப்பாணத்தார் ஒருவருக்குக் கோபம் வந்தது. மேனுகா மட்டும் காற்சட்டைப் பை இரண்டையும் இழுத்துக் காட்டினாள். திறப்பும் சில்லறையும் விழுந்தன. பிறகு குகதாசனும் காட்டினான், மற்றவர்களும் காட்டினார்கள். எஞ்சினுக்குக் கீழே, புல்லுக்குள், தொப்பிக்குள், எல்லா இடமும் தேடினேன். சிவப்பு றோட்டர் இல்லை.

சதுர ஐந்து சதக் காசு இன்னும் எத்தனையோ வீட்டு உண்டியலில் கிடக்கிறது. மூலையை வெட்டி ஒட்ட யாருக்கும் கை உண்டு. என் கண்ணில் படலம் விழுந்திருக்கிறது என்று டொக்டரும் சொன்னவர். கறுப்பைச் சிவப்பென்று பார்த்திருக்கலாம். ஆனால் மேனுகாவின் கண்ணில் படலம் இல்லையே. அந்த முகத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், தூக்கினால் குளத்துக்கு அந்தக் கரையிலிருந்தே தெரியும். அது பூட்டியிருந்த நேரம் முழுவதும் காரடியை விட்டு விலகாதவன் நான்.

இதெல்லாம் இருக்கட்டும். செத்தவன் சாமான் கொண்டுவந்து பூட்டினான் என்று நான் நம்பவேண்டுமா?

கமலேஸ்வரி போனைக் காதில் வைத்துக் காரின் இடப்பக்க இருக்கையில் குந்தியிருந்தாள். மகளோடு மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தாள். முழிசிக் காரின் முகம் இன்னும் திறந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் சைக்கிளைக்கூட எடுக்காமல் கட்டு வழியே நடந்தேன்.

"ஐயா, வெயில் ஏறுது, கார்ல ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்," என்று மேனுகா பின்னால் வந்தாள்.

"வேண்டாம் பிள்ளை. உங்கடை கார் ஒண்டிலையும் நான் இனி ஏறேல்லை."

"அப்ப நம்பிட்டீங்களா?"

"எதை நம்ப? ஆரோ மாத்திப் போட்டிருக்கிறியள். ஆரெண்டுதான் எனக்கு இன்னும் பிடிபடேல்லை."

அவள் நின்றுவிட்டாள். நான் நடந்தேன். கலிங்கு தாண்டும்வரை என் சட்டையில் மண்ணெண்ணெய் மணத்தது. காபிரேற்றருக்குக் கிட்ட நின்றால் மணக்கும்தானே.